துணைநூற்பட்டியலுக்கு எந்த முறை? தமிழ் ஆய்வேடு எழுதுவோருக்காக ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் வீட்டுக்கு வந்திருந்தார். புறநானூற்றின் பதிப்பு வரலாறு அவருடைய தலைப்பு. இயல்கள் எல்லாம் எழுதி முடித்தாயிற்று. துணைநூற்பட்டியல் மட்டும் பாக்கி. கையில் ஒரு நோட்டு. அதில் 130 நூல்களின் விவரம், பாதி பேனாவிலும் பாதி பென்சிலிலும் எழுதியிருந்தது.

"அக்கா, நெறியாளர் ஏபிஏ முறையில் போடச் சொல்கிறார். துறையில் இதுவரை வந்த ஆய்வேடுகளில் சான்றெண் விளக்கம்தான் இருக்கிறது. இலக்கியத்துக்கு எம்எல்ஏதான் சரி என்று கருத்தரங்கில் ஒருவர் சொன்னார். நான் எதை வைக்கட்டும்?"

ஏபிஏ, எம்எல்ஏ என்பவை சான்று காட்டுவதற்கும் நூற்பட்டியல் போடுவதற்கும் உள்ள முறைகளின் பெயர்கள். அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். அதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு இருப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரியும்.

முதலில் என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வேட்டில் நல்ல செய்தி ஒன்றைப் படித்தேன். ஒரு பாட்டின் பழைய உரையில் ஒரு சொல்லுக்குத் தரப்பட்ட பொருள் பற்றிய குறிப்பு அது. அதன் சான்றெண் விளக்கத்தில் "புறநானூறு, ப. 87" என்று மட்டும் இருந்தது. எந்தப் பதிப்பு? யாருடைய பதிப்பு? பின்னால் இருந்த துணைநூற்பட்டியலைப் புரட்டினால், அங்கே புறநானூறு மூன்று பதிப்புகளாக இருந்தது. மூன்றையும் தேடி எடுத்துப் பார்க்க இரண்டு நாள் ஆனது. மூன்றிலும் 87ஆம் பக்கத்தில் வேறு வேறு பாட்டு. நான் தேடிய குறிப்பு எதிலும் இல்லை. அந்தச் செய்தியை என்னால் பயன்படுத்தவே முடியவில்லை. அன்றிலிருந்து எந்த முறையைப் பார்த்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இதை வைத்துக்கொண்டு வேறொருவர் அதே நூலின் அதே பக்கத்துக்குப் போய்ச் சேர முடியுமா?

அந்தக் கேள்வியோடுதான் கீழே ஒவ்வொரு முறையையும் பார்க்கிறேன்.

சான்றெண் விளக்கமும் சிகாகோவும்

தமிழ்த்துறைகளில் நீண்ட காலமாக இருக்கும் வழக்கம், கட்டுரையில் மேலே சிறிய எண் போட்டு, இயலின் முடிவில் 'சான்றெண் விளக்கம்' என்ற தலைப்பில் நூல் விவரம் தருவது. அப்புறம் ஆய்வேட்டின் கடைசியில் துணைநூற்பட்டியல். இதற்கு மிக நெருங்கிய உறவு சிகாகோ முறை. சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் இந்தக் கையேடு முதலில் வந்தது 1906இல். இப்போது இருப்பது 2024இல் வந்த 18ஆம் பதிப்பு. அதற்குள் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று குறிப்பும் நூற்பட்டியலும் கொண்டது, மற்றது ஆசிரியர் பெயரும் ஆண்டும் தருவது. நம் சான்றெண் முறையோடு ஒத்துப்போவது முதல் வழி.

அதில் குறிப்பு இப்படி வரும்: மு. வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு (சாகித்திய அகாதெமி, 1972), அப்புறம் பக்க எண். பட்டியலில் அதே நூல் "வரதராசன், மு." என்று தொடங்கும். குறிப்பில் தலைப்பெழுத்து முன்னால், பட்டியலில் பின்னால். காரணம் எளியது. குறிப்பைப் படிப்பவர் வரிசையாகப் படிக்கிறார். பட்டியலைப் பார்ப்பவர் அகரவரிசையில் தேடுகிறார்.

இந்த முறையின் பெரிய பலம், குறிப்புக்குள் பேச இடம் இருப்பது. "இப்பாடம் முதற்பதிப்பில் இல்லை, பின்வந்த பதிப்பில் அடிக்குறிப்பாகச் சேர்ந்தது" என்று ஒரு வரி எழுதலாம். பதிப்பு வரலாறு எழுதுபவருக்கு அந்த ஒரு வரிதான் உயிர். ஆசிரியர், ஆண்டு என்று அடைப்புக்குறிக்குள் சுருக்கிவிட்டால் இதைச் சொல்ல இடமே கிடைக்காது.

பலவீனமும் உண்டு. நம் வழக்கத்தில் 'மேலது' என்ற சொல் எங்கும் இருக்கும்; முன்பே சொன்ன நூலை மறுபடி சுட்ட 'மு.நூ.' என்று போடுவோம். வரைவைத் திருத்தும்போது நடுவில் ஒரு குறிப்பைச் சேர்த்தால் போதும், அதற்குக் கீழே உள்ள 'மேலது' வேறு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். யாரும் கவனிக்க மாட்டார்கள். நான் சரிபார்த்த ஆய்வேடுகளில் மிகுதியாகக் கண்ட பிழை இதுவே. சிகாகோ கையேடும் 2017இல் வந்த 17ஆம் பதிப்பிலிருந்து இந்த வகைச் சொற்களைவிடச் சுருக்கக் குறிப்பையே விரும்புகிறது: வரதராசன், தமிழ் இலக்கிய வரலாறு, பக்க எண். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இடம் மாறினாலும் பொருள் மாறாது. 'மேலது' என்பதை அடியோடு விட்டுவிடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

ஏபிஏ: ஆண்டு முன்னால் வரும் முறை

அமெரிக்க உளவியல் சங்கத்தின் முறை இது. 1929இல் ஓர் இதழில் சில பக்கங்கள் கொண்ட வழிகாட்டியாகத் தொடங்கியது. இப்போது நடப்பில் இருப்பது 2019இல் வந்த ஏழாம் பதிப்பு. கட்டுரைக்குள் (வரதராசன், 1972) என்று அடைப்புக்குறி, பட்டியலில் "வரதராசன், மு. (1972). தமிழ் இலக்கிய வரலாறு. சாகித்திய அகாதெமி." என்று வரும். ஏழாம் பதிப்பில் வெளியிட்ட ஊரை எடுத்துவிட்டார்கள்.

ஆண்டு ஏன் இவ்வளவு முன்னால் வருகிறது? உளவியல், கல்வியியல், சமூகவியல் போன்ற துறைகளில் ஓர் ஆய்வு எப்போது வந்தது என்பது படிப்பவருக்கு உடனே தெரிய வேண்டும். 1985இல் சொன்னதை 2015இல் மறுத்திருப்பார்கள். அந்தத் துறைகளுக்கு இதுவே பொருத்தம். தமிழ்வழிக் கல்வி, மொழி கற்பித்தல், ஊடகம், நாட்டார் வழக்காற்றுக் கள ஆய்வு ஆகியவற்றைப் பற்றி எழுதுபவர்கள் ஏபிஏ வைத்துக்கொள்வதுதான் நல்லது.

பழந்தமிழ் நூல்களுக்கு வரும்போது சிக்கல் தொடங்குகிறது. புறநானூற்றை உ.வே. சாமிநாதையர் முதலில் பதிப்பித்தது 1894இல். அவர் மறைந்தது 1942இல். நீங்கள் நூலகத்தில் எடுத்தது அவர் மறைந்து பல்லாண்டு கழித்து வந்த மறுபதிப்பு என்றால், அடைப்புக்குறிக்குள் எந்த ஆண்டைப் போடுவீர்கள்? மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், மறைந்த பின்னும் அவர் பதிப்பித்துக்கொண்டே இருந்ததாகத் தோன்றும். 1894 என்று மட்டும் போட்டால், நீங்கள் தொட்டே பார்க்காத புத்தகத்தைச் சான்று காட்டியதாகும். ஏபிஏ இதற்கு வழி வைத்திருக்கிறது. கட்டுரைக்குள் இரண்டு ஆண்டுகளையும் சாய்கோடிட்டுத் தரலாம். பட்டியலில் பதிவின் முடிவில், மூலப் பதிப்பு வந்த ஆண்டை அடைப்புக்குறிக்குள் தனியே சொல்லலாம். வழி இருக்கிறது, ஆனால் பலரும் அதைச் செய்வதில்லை.

ஊரை விட்டுவிடுவதும் நமக்கு இழப்புதான். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூலுக்குப் பதிப்பகம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்காது; அச்சுக்கூடம்தான் இருக்கும். அது சென்னையிலா, யாழ்ப்பாணத்திலா, புதுச்சேரியிலா என்பது பதிப்பு வரலாற்றுக்கு முக்கியமான செய்தி. எம்எல்ஏவும் சிகாகோவும் இந்த விஷயத்தில் நம் பக்கம். 1900க்கு முன் வந்த நூல்களுக்கு ஊரைத் தர இரண்டுமே இடம் தருகின்றன. ஏபிஏவில் எழுத வேண்டிய கட்டாயம் இருந்தால், அச்சுக்கூடத்தின் பெயரோடு ஊரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். எந்தத் தேர்வாளரும் அதற்காகக் கோபப்பட மாட்டார்.

ஆண்டைப் பற்றி இன்னொன்று. சில நூல்களில் திருவள்ளுவர் ஆண்டு மட்டும் இருக்கும். 31 கழித்தால் பொது ஆண்டு. பழைய நூல்களில் 'ஜய வருஷம்' போல அறுபதாண்டுச் சுற்றின் பெயர் மட்டும் இருக்கும். ஜய என்பது 1894–95, 1954–55, 2014–15 மூன்றுக்கும் பொருந்தும். முன்னுரையையும் தாளையும் அச்சையும் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்து, நூலில் உள்ளபடியே பெயரை எழுதி, நீங்கள் கண்ட ஆண்டைச் சதுர அடைப்புக்குறிக்குள் தாருங்கள். தமிழாண்டு சித்திரையில் தொடங்குவதால் ஒரு பெயர் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் படியும். மாதம் தெரியாவிட்டால் இரண்டையும் எழுதுவதுதான் நேர்மை.

எம்எல்ஏ

அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம் தரும் முறை இது, இலக்கியத் திறனாய்வுக்காக உருவானது. இப்போது இருப்பது 2021இல் வந்த ஒன்பதாம் பதிப்பு. கட்டுரைக்குள் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் மட்டும்: (வரதராசன் 45). ஆண்டு பட்டியலில் கடைசியாக வரும். ஒரு நாவலையோ கவிதையையோ நெருங்கிப் படித்து எழுதும் கட்டுரையில், ஆண்டைவிடப் பக்கம்தான் வேண்டும் என்பது சரியான எண்ணம். நவீன இலக்கியத்தைப் பற்றி எழுதுபவர்களுக்கும், ஆங்கிலத் துறையில் தமிழ் இலக்கியம் பற்றி ஆய்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைப்பேன்.

எம்எல்ஏவில் எனக்குப் பிடித்தது, எதை அழுத்திப் பேசுகிறோமோ அதை முன்னால் வைக்கும் உரிமை. மொழிபெயர்ப்பைப் பற்றித்தான் கட்டுரை என்றால், பதிவு மொழிபெயர்ப்பாளர் பெயரிலேயே தொடங்கலாம். இதை உரைக்கும் நீட்டலாம். பரிமேலழகர் உரையைப் பற்றி எழுதுகிறவர் பட்டியலில் பரிமேலழகர் பெயரில் தொடங்குவதுதான் இயல்பு. குறளை மட்டும் மேற்கோள் காட்டுபவர் திருவள்ளுவர் பெயரில் தொடங்கட்டும்.

சங்கப் பாட்டுக்கும் குறளுக்கும் பக்க எண் போடுவதை எந்த முறையிலும் கைவிட வேண்டும். குறள் 391 என்றால் எந்தப் பதிப்பிலும் அதே குறள்தான். புறம். 192 என்றால் கணியன் பூங்குன்றனார் பாட்டுத்தான். செவ்வியல் நூல்களுக்கு இப்படி நிலையான எண்ணைத் தருவதை மூன்று முறைகளுமே ஏற்கின்றன. வையாபுரிப்பிள்ளை பதிப்பித்து 1940இல் வந்த சைவ சித்தாந்த மகா சமாஜப் பதிப்பு, சங்கப் பாடல்களைப் புலவர் வரிசையில் அடுக்கியிருக்கிறது. அதைப் பயன்படுத்துபவருக்குப் பாட்டு எண்தான் துணை. சிலப்பதிகாரத்துக்குக் காதையும் அடி எண்ணும் தரலாம். கம்பராமாயணத்தில் மட்டும் கவனம் வேண்டும். பதிப்புக்குப் பதிப்பு பாட்டுத் தொகை மாறுவதால் எண்ணும் நகரும். அங்கே எண்ணோடு பதிப்பையும் சொல்லியே ஆக வேண்டும். உரையைச் சுட்டும்போதும் அப்படித்தான், பாட்டு எண்ணோடு எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பது தேவை. நான் இரண்டு நாள் அலைந்ததும் அது இல்லாததால்தான்.

கட்டுரைக்குள் வெறும் எண்ணை மட்டும் போட்டுப் பட்டியலைச் சுட்டும் எண் முறைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வான்கூவர் முறை 1978இல் மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடியதிலிருந்து வந்தது. பொறியியலாருக்கு ஐ-டிரிபிள்-ஈ முறை இருக்கிறது. இரண்டிலும் பட்டியல் அகரவரிசையில் இருக்காது, கட்டுரையில் வரும் வரிசையில் இருக்கும். சித்த மருத்துவம் பற்றி மருத்துவ இதழுக்கும், தமிழ்க் கணிமை பற்றிப் பொறியியல் மாநாட்டுக்கும் எழுதும்போது இதைத்தான் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஆய்வேட்டுக்கு நீங்களாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒரே ஆசிரியரின் நூல்கள் பட்டியல் முழுக்கச் சிதறிப் போய்விடும்.

பெயரும் அகரவரிசையும்

எந்த முறையை எடுத்தாலும் நமக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. மேலே சொன்ன எல்லாமே குடும்பப் பெயர் உள்ள சமூகங்களில் உருவானவை. நமக்குப் பெரும்பாலும் குடும்பப் பெயர் இல்லை. தலைப்பெழுத்து என்பது தந்தை பெயர், சில வேளை ஊரும் தந்தை பெயரும். உ.வே. என்பது உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர். ஆகவே 'சாமிநாதையர்' என்பது அவருடைய சொந்தப் பெயர். "சாமிநாதையர், உ.வே." என்று திருப்பிப் போடுவது குடும்பப் பெயரை முன்னால் வைப்பதாகாது, தேடுபவருக்குத் தெரிந்த பெயரை முன்னால் வைப்பது, அவ்வளவுதான்.

இதன் விளைவு கட்டுரைக்குள் தெரியும். (சுப்பிரமணியன், 1980) என்று எழுதினால் எந்தச் சுப்பிரமணியன்? தமிழாய்வில் அந்தப் பெயரில் எத்தனை பேர்! ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் பட்டியலில் இருந்தால் தலைப்பெழுத்தைக் கட்டுரைக்குள்ளும் சேர்க்க ஏபிஏவே சொல்கிறது. தமிழ் ஆய்வேட்டில் அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிடலாம் என்பது என் கருத்து. எப்போதும் (மு. வரதராசன், 1972) என்றே எழுதுங்கள். இரண்டு எழுத்துக் கூடுவதால் குடிமுழுகிப் போகாது.

தலைப்பெழுத்தை வைத்து அகரவரிசைப்படுத்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். சில ஆய்வேடுகளில் மு. வரதராசனும் மு. அருணாசலமும் 'மு' வரிசையில் பக்கத்தில் இருப்பார்கள். தலைப்பெழுத்து நினைவில்லாதவர் அங்கே எப்படித் தேடுவார்? புனைபெயரில் எழுதியவர்களைப் புனைபெயரிலேயே வையுங்கள். புதுமைப்பித்தனைத் தேடுபவர் விருத்தாசலத்திடம் போக மாட்டார். பாரதியார், சுப்பிரமணிய பாரதி என்று வெவ்வேறு நூல்களில் வெவ்வேறு வகையாக அச்சாகியிருந்தால், ஒன்றை நிலையாக வைத்து மற்றதிலிருந்து 'காண்க' என்று ஒரு வரி கொடுங்கள். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆய்வாளர்களுக்கும் இந்தக் 'காண்க' வரி அவசியம். இல்லாவிட்டால் ஒருவருடைய உழைப்பு இரண்டு பேருடையதாகப் பிரிந்துவிடுகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னொரு பிழை காத்திருக்கிறது. தமிழில் 'வையாபுரிப்பிள்ளை' என்று ஒரே சொல்லாக எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரியும். உடனே மென்பொருள் 'பிள்ளை' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு அவரைப் பிள்ளைகளின் வரிசையில் கொண்டுபோய் வைக்கும். ஐயர், முதலியார், செட்டியார் என்று முடியும் எல்லாப் பெயர்களுக்கும் இதே கதி. முழுப் பெயரையும் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் சேர்த்துப் போட்டு, தலைப்பெழுத்தை மட்டும் முதற்பெயர்க் கட்டத்தில் போட்டால் தீர்ந்தது.

ஆங்கிலக் கட்டுரையில் தமிழ் நூலின் பெயரை எழுத, தமிழ்ப் பேரகராதி கையாண்ட ஒலிபெயர்ப்பு முறையே பாதுகாப்பானது. நெடிலுக்கு மேலே கோடு; ற, ன, ழ ஆகியவற்றுக்கு எழுத்தின் கீழே கோடு; ட, ண, ள ஆகியவற்றுக்குக் கீழே புள்ளி. பெரிய நூலகங்களின் அட்டவணைகளும் இதையொட்டிய முறையைத்தான் பின்பற்றுகின்றன, எனவே தேடினால் நூல் அகப்படும். அதற்கு அருகில் சதுர அடைப்புக்குறிக்குள் ஆங்கிலப் பொருளைத் தந்தால் தமிழ் தெரியாதவருக்கும் உதவி. ஆசிரியர் பெயருக்கு மட்டும் இந்தக் குறிகளைத் திணிக்காதீர்கள். தன் ஆங்கில நூல்களில் அவர் எப்படிக் கையெழுத்திட்டாரோ அப்படியே இருக்கட்டும்.

அகரவரிசையில் கணினி செய்யும் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் அகராதிகளில் மெய் முன்னால் வரும், உயிர்மெய் பின்னால். 'முத்துசாமி' முதலில், 'முதலியார்' அடுத்து. யூனிகோடு குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் இதைத் தலைகீழாக்கும், ஏனென்றால் அதில் புள்ளியின் எண் எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதேபோல நமக்கு வ, ழ, ள, ற, ன என்பது வரிசை. குறியீட்டில் ற, ல, ள, ழ, வ என்று இருக்கும், ன-வோ ந-வுக்கு அடுத்தே வந்துவிடும். தமிழ் வரிசை அறிந்த மென்பொருள்களும் உண்டு. எது எப்படி அடுக்குகிறது என்று அறிய முத்துசாமியையும் முதலியாரையும் கொடுத்துப் பார்த்தால் போதும். தமிழ்ப் பதிவுகளையும் ஆங்கிலப் பதிவுகளையும் கலக்காமல் இரண்டு பட்டியலாக வைத்துவிடுங்கள், அதுவே நம் வழக்கமும்கூட.

நூற்பெயருக்குச் சாய்வெழுத்துப் போடச் சொல்கின்றன மூன்று முறைகளும். தமிழ் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் உண்மையான சாய்வெழுத்து கிடையாது. நேரெழுத்தையே கணினி சாய்த்துக் காட்டுகிறது, கண்ணுக்கு உறுத்தும். இதழ் வற்புறுத்தாத இடத்தில் தடித்த எழுத்துப் போடுங்கள்.

கையாலா, மென்பொருளாலா?

அந்த மாணவி அடுத்துக் கேட்டது இது. தோழிகள் சோட்டேரோ என்ற நூற்பட்டியல் மென்பொருளைச் சொல்கிறார்களாம்.

சோட்டேரோ இலவசம், திறமூலம். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளிவந்தது. ஆயிரக்கணக்கான இதழ்களின் முறைகள் அதற்குத் தெரியும். ஏபிஏவில் எழுதியதை ஒரு சொடுக்கில் சிகாகோவுக்கு மாற்றித் தரும். கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பி, வேறு இதழுக்கு அனுப்ப நேர்ந்தவர்களுக்குத் தெரியும் இதன் அருமை. மெண்டலியும் இலவசமாகக் கிடைப்பதுதான், 2013இலிருந்து எல்சேவியர் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. எண்ட்நோட் காசு கொடுத்து வாங்க வேண்டியது; பல்கலைக்கழகம் வாங்கித் தந்தால் ஒழிய மாணவர் சொந்தப் பணத்தைப் போடத் தேவையில்லை. லேடெக் என்ற ஆவண அமைப்பு மென்பொருள் தெரிந்தவர்கள் அதன் நூற்பட்டியல் கருவியான பிப்லேடெக் பயன்படுத்தலாம், கட்டுப்பாடு முழுக்க உங்கள் கையில் இருக்கும். ஆனால் பட்டியலுக்காக மட்டும் லேடெக் கற்கத் தொடங்க வேண்டாம்.

தமிழ் நூல்களுக்குச் சோட்டேரோ முழு விடை தராது. ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணைக் கொடுத்து விவரம் இழுத்தால், தமிழ் நூலின் விவரம் பல நேரம் ரோமன் எழுத்தில் வந்து விழுகிறது, அல்லது வருவதே இல்லை. பழைய நூலுக்கு ஐஎஸ்பிஎன்னே கிடையாது. ஆகவே ஒவ்வொன்றையும் கையால்தான் உள்ளிட வேண்டும். பெயரை ஒரே கட்டமாகவும் இரண்டு கட்டமாகவும் உள்ளிட அதில் வசதி உண்டு. ஒரே கட்டத்தில் 'மு. வரதராசன்' என்று போட்டால் 'மு' வரிசைக்குப் போய்விடும். இரண்டு கட்டமாகப் பிரித்துப் போடுங்கள். புனைபெயருக்கும் நிறுவனத்தின் பெயருக்கும் ஒரே கட்டம். ஆவணத்துக்கு ஒரு மொழியைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்பதால், ஆங்கிலத்தில் அமைத்தால் தமிழ்ப் பதிவிலும் 'பதிப்பாசிரியர்', 'மற்றும்' போன்ற இடங்களில் ஆங்கிலச் சொல் வந்து உட்காரும். கடைசியில் பட்டியலைச் சாதாரண எழுத்தாக மாற்றி, அவற்றைக் கையால் திருத்த வேண்டியிருக்கும். மூலப் பதிப்பின் ஆண்டை, கூடுதல் விவரத்துக்கான கட்டத்தில் சேர்த்தால் ஏபிஏ அமைப்பு அதை எடுத்துக்கொள்ளும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கல். இன்றும் பலர் ஆய்வேட்டை டிடிபி கடையில் கொடுத்துத்தான் தட்டச்சு செய்கிறார்கள். அங்கே பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்துவிட்டால் சோட்டேரோவோடு ஒட்டவே ஒட்டாது. யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், மாற்றும்போது சில எழுத்துகள் சிதையும். கடைக்காரரிடம் முதல் நாளே யூனிகோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். அது முடியாது என்றால் மென்பொருளை விட்டுவிடலாம். எக்செல் தாளில் ஆசிரியர், தலைப்பெழுத்து, நூல், பதிப்பாசிரியர் அல்லது உரையாசிரியர், பதிப்பு, ஊர், பதிப்பகம், ஆண்டு, நூலை எந்த நூலகத்தில் பார்த்தேன் என்று ஒன்பது பத்தி போட்டு நிரப்பி வையுங்கள். 130 நூலுக்கு அது போதும். 400, 500 என்று போகும்போதுதான் கையால் செய்வது ஆபத்தாகிறது.

செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பட்டியல் கேட்பவர்களும் இப்போது இருக்கிறார்கள். இல்லாத நூலை, நம்பும்படியான பதிப்பகமும் ஆண்டும் சேர்த்துத் தந்துவிடுகிறது. தமிழ் நூல்கள் விஷயத்தில் அதை நம்பவே வேண்டாம். உங்கள் கையில் இருந்த நூல் மட்டும்தான் பட்டியலில் இருக்க வேண்டும்.

சரி, அந்த மாணவி எதை எடுத்தார்? அவருடைய நான்கு இயல்கள் பதிப்புகளைப் பற்றியவை. ஐந்தாவது, வாசகர்களையும் ஆசிரியர்களையும் நேர்காணல் செய்து எழுதியது. அந்த ஐந்தாவதைப் பார்த்துத்தான் நெறியாளர் ஏபிஏ சொல்லியிருக்கிறார் என்பது பேசும்போது தெரிந்தது. ஒரே ஆய்வேட்டில் இரண்டு முறை கூடாது. அதனால் சான்றெண் குறிப்புகளோடு சிகாகோவை எடுக்கலாம், 'மேலது' இல்லாமல், நேர்காணல்களையும் குறிப்பிலேயே தேதியோடு தந்துவிடலாம் என்று சொன்னேன். ஐந்தாம் இயலைப் பின்னால் கல்வியியல் இதழுக்குக் கட்டுரையாக அனுப்பும்போது ஏபிஏவுக்கு மாற்றிக்கொள்ளட்டும். விவரங்களைச் சோட்டேரோவில் ஏற்றி வைத்தால் அந்த மாற்றம் ஒரு நாள் வேலை.

"நெறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்?" என்று கேட்டார். அப்போது ஏபிஏவே வைத்துக்கொள்ளுங்கள், சண்டை வேண்டாம். இரண்டு ஆண்டுகளையும் தாருங்கள், அச்சுக்கூடத்தோடு ஊரைச் சேருங்கள், பாட்டுக்கு எண் போடுங்கள், பதிப்புப் பற்றிய பேச்சுக்குத் தனியாக அடிக்குறிப்பு வையுங்கள் என்றேன். ஏபிஏவும் விளக்க அடிக்குறிப்பைத் தடுப்பதில்லை.

நேற்றுத் தொலைபேசியில் பேசினார். நெறியாளர் சம்மதித்துவிட்டாராம். நோட்டிலிருந்த 130இல் 17 நூல்களுக்கு ஆண்டு எழுதி வைக்கவில்லை, அவற்றில் ஆறு அவர் இரண்டாண்டுக்கு முன் வேறு ஊர் நூலகத்தில் பார்த்தவை. அடுத்த வாரம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்.